அறுபத்துநான்கு வரிகள்

கடிகாரம்மா என்று நாங்கள் அவரைக் கூப்பிட்டதில் பாதி கேலி, பாதி மரியாதை. அவருடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு மேஜையும் ஒரு விளக்கும் மட்டும் கொள்ளும் சின்னக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாராம். கண்ணுக்கே தெரியாத திருகாணியை அப்பா இடுக்கியால் எடுத்து வைப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண். அந்தக் கண்ணுக்காகத்தான் எங்கள் அலுவலகம் அவரை வேலைக்கு எடுத்தது. பிறகு அந்தக் கண்ணுக்கு வேலையே இல்லாத ஓர் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அலுவலகம் உட்கார வைத்தது என்று எழுத சௌகரியமாக இருக்கிறது. உட்கார வைத்தவன் நான்.

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. இந்த வயதில் பழைய கதை எழுத உட்காருகிறவர்கள் தங்களைக் கொஞ்சம் வெள்ளையடித்துக்கொள்வார்கள். எனக்கும் கை பரபரக்கத்தான் செய்கிறது. முடிந்தவரை அடக்கிக்கொள்கிறேன்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் திட்ட அலுவலகம் அது. மூன்றாவது மாடியில் கணக்குப் பிரிவு. எட்டு மேஜை, எட்டு நாற்காலி, சுவரோரம் வரைபட அலமாரி, மூலையில் ஒரு பானைத் தண்ணீர். எந்தத் தெருவில் எத்தனை அங்குலக் குழாய் பதிக்க வேண்டும், கடைசி வீட்டுக் குழாயைத் திறக்கும்போது எவ்வளவு அழுத்தம் மிஞ்சியிருக்கும் என்பதையெல்லாம் நாங்கள் எண்ணாக்கிக் கொடுக்க வேண்டும். கையிலிருந்த ஒரே கருவி ஸ்லைடு ரூல்.

இன்றைய பிள்ளைகளிடம் அதைக் காட்டினால் கோடு போடும் ஸ்கேல் என்பார்கள். ஒரு அடி நீள மரச்சட்டம். நடுவில் இழுத்தால் நகரும் ஒரு பட்டை. மேலே மயிரிழைக் கோடு போட்ட ஒரு சின்னக் கண்ணாடி. பட்டையை நகர்த்தி, கோட்டை நிறுத்தி, அடியில் என்ன எண் என்று பார்த்தால் பெருக்கலோ வகுத்தலோ முடிந்தது. ஆனால் அது பதிலை முழுசாகச் சொல்லாது. புள்ளி எந்த இடத்தில் வரும் என்பதை நம் மண்டைதான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு இலக்கங்களைக் கோடுகள் காட்டிவிடும். மூன்றாவது இலக்கம் இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கேயோ நிற்கும். அதைக் கண் தீர்மானிக்க வேண்டும். எட்டு, ஒன்பது பக்கம் போய்விட்டால் கோடுகள் பஸ் படிக்கட்டு ஜனங்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. முடித்ததும் பிரிவுத் தலைவரிடம் கொடுத்து, பதிவேட்டில் தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். தலைவர் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடியோடு திரிந்ததால் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவார். மூன்றாவது இலக்கத்தில் ஒன்று முன்னே பின்னே இருந்தால் டிக். அதிகம் போனால் இரண்டு பேரும் திரும்பப் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னிடம் அவர் சொன்னார்: "ரெண்டு தாளும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா எனக்கு வயித்தக் கலக்கும். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கணும். அப்பதான் ரெண்டு மனுஷங்க பாத்திருக்காங்கன்னு அர்த்தம்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. மயிரிழைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஐம்பது அறுபது தடவை பார்க்கும்போது இரண்டு பேர் கண்ணும் ஐம்பது அறுபது தடவையும் ஒன்றையே சொல்லாது. நிச்சயம் பத்துப் பதினைந்து இடத்தில் விலகும். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்கு அந்த நாளில் மெயில் என்று பெயர். நான் உட்கார்ந்தால் நிற்காத வண்டி என்று அர்த்தம். மற்றவர்கள் இரண்டு நாளில் போடுவதை ஒன்றே கால் நாளில் போட்டு, நாலு பேர் பார்க்க எழுந்துபோய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். அந்த நடைக்காகவே வேலை செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். வேலை நிரந்தரமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

கடிகாரம்மா எனக்கு நேர் எதிர். ஒரு வருஷத் தற்காலிக வேலையில் சேர்ந்தார். அந்த மாடியில் அவர் ஒருவர்தான் பெண். ஒரு தாளை இன்றைக்குப் போடுவார். மறுநாள் காலையில் முதல் நாள் போட்டதை மூடி வைத்துவிட்டு, கண் தெளிவாக இருக்கும்போதே முழுவதையும் இன்னொரு முறை போடுவார். பிறகு இரண்டையும் பார்த்து, சந்தேகமான இடத்தை மூன்றாவது முறை பார்த்து, கடைசியில் சுத்தமான தாளில் முத்து முத்தாக எழுதிக் கொடுப்பார். தண்ணீர் காத்துக்கொண்டிருக்கிறது என்று நான் கிண்டல் செய்வேன். தண்ணீர் வந்துவிடும், எண் தப்பாக இருந்தால் பக்கத்துத் தெருவுக்கு வரும் என்று அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார். வாய் இல்லாத பெண் இல்லை. ஆனால் ஒரு நாள், எதற்கோ பேச்சு வந்தபோது, சிரிக்காமல் சொன்னார்: "எனக்கு வேற பெரிய ஆசையெல்லாம் கிடையாது சார். இந்த மேஜையில நிரந்தரமாயிட்டா போதும்."

அந்த ஒரு வருஷம் முடிய இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. பூதக்கண்ணாடி அவரைப் பற்றி மேலே நல்லபடியாகத்தான் எழுதப்போகிறார் என்று பிரிவு முழுக்கத் தெரியும்.

அந்த வாரம் விடாத மழை. மரத்தில் செய்த ஸ்லைடு ரூலுக்கு ஈரம் ஆகாது. ஊதிக்கொள்ளும். பட்டை இறுகிப்போய் நகராது. கடிகாரம்மா தன்னுடையதை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் சாக்பீஸ் துண்டுகளைப் போட்டு வைப்பார். சாக்பீஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவர் அப்பா கடையில் கற்றது. ராத்திரியில் மேஜை மேல் போட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று என்னிடமும் சொன்னார். அதற்கும் ஒரு குடை பிடித்துவிடலாமா என்று கேட்டுச் சிரித்தேன்.

புதன்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தாள் வந்தது. அறுபத்துநான்கு வரி. மேட்டுப் பகுதிக்குப் போகும் பெரிய குழாயின் கணக்கு. நான் பதினொரு வரி போட்டேன். பன்னிரண்டாவதில் பட்டை நின்றுவிட்டது. இழுத்தேன், தட்டினேன், தொடையில் வைத்துத் தேய்த்தேன். அசையவில்லை. முகப் பவுடர் போட்டால் வழுக்கும் என்று தெரியும். கீழ்த்தளத்து டைப்பிஸ்டிடம் போய் பவுடர் கேட்டால் மத்தியானத்துக்குள் கட்டடமே சிரிக்கும். யாரிடமாவது இரவல் கேட்கலாம். மெயில் நடுவழியில் நின்றுவிட்டது என்று சொல்வார்களே. புதன்கிழமை முழுக்கப் பட்டையை நகர்த்துவது மாதிரி நடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் இந்த இடம் வரைக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கடிகாரம்மாவின் மேஜையில், தாள்கனத்துக்கு அடியில், அவர் முதல் முறை போட்டு முடித்த பென்சில் தாள் இருந்தது. அறுபத்துநான்கு வரியும் இருந்தது. நான் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தேன். இருபது நிமிஷத்தில் ஐம்பத்துமூன்று வரியை எழுதிவிட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். என்னுடைய சொந்தப் பதினொரு வரியையும் அவருடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் ஒன்று வித்தியாசம். அவர் கண் என் கண்ணைவிட நல்ல கண் என்று அந்த நிமிஷம் எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அந்த மூன்றையும் ரப்பரால் அழித்துவிட்டு அவர் எண்ணைப் போட்டேன். சரியான எண் இருக்கும்போது தப்பான எண்ணைக் கொடுப்பது முறையில்லை என்று நினைத்தேன். அடுத்தவர் தாளைத் திருடியவனுக்கு அந்த நேரத்தில் தோன்றிய யோக்கியம் அது. அந்த மூன்றை அப்படியே விட்டிருந்தால்கூட எல்லாம் தப்பியிருக்கும்.

நாலு மணிக்கு எழுந்துபோய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வழக்கமான நடைதான்.

கடிகாரம்மா வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல மறுபடி முழுவதும் போட்டுப் பார்த்தார். அவர் முதல் முறை போட்டதில் ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சுத்தமாக எழுதிப் பதினொன்றரைக்குக் கொடுத்தார். பென்சில் தாளை வழக்கம்போலக் கிழித்துக் கூடையில் போட்டார். மத்தியானத்துக்குள் கூடையைக் கொட்டிவிடுவார்கள்.

மூன்று மணிக்கு எங்கள் இரண்டு பேரையும் பூதக்கண்ணாடி உள்ளே கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அறுபத்துநாலு வரி. அறுபத்துநாலும் ஒண்ணு. யார் யாரப் பாத்து எழுதினது?"

கடிகாரம்மா இரண்டு தாளையும் குனிந்து பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தன் எண்ணை இன்னொருவர் கையெழுத்தில் பார்த்தால் தெரியாமலா போகும்? "நான் யாரையும் பாத்து எழுதல சார்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த மசிப் புட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூதக்கண்ணாடி என்னைக் கேட்டார். அப்போது நான் சொன்ன வாக்கியம் இது: "நான் நேத்து நாலு மணிக்கே குடுத்துட்டேன் சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது. நேரடியாக ஒரு பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டு கொஞ்சம் ஆறியிருப்பேன். நான் உண்மையைச் சொல்லி ஒரு பெண்ணின் கழுத்தை அறுத்தேன்.

பூதக்கண்ணாடி பதிவேட்டைப் புரட்டினார். நான் வியாழன் நாலு மணி. கடிகாரம்மா வெள்ளி பதினொன்றரை. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து என் தாளைப் பார்த்தார். மூன்று இடத்தில் அழித்திருந்தது தெரிந்தது. யோசித்து, திருத்திப் போட்டிருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. கடிகாரம்மாவின் தாளில் ஓர் அழிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. பார்த்து எழுதினால்தான் இவ்வளவு சுத்தமாக வரும் என்றார். கடிகாரம்மாவின் தாள் எப்போதுமே அப்படித்தான் வரும் என்பது அன்றைக்கு அவர் நினைவுக்கு வரவில்லை.

கடிகாரம்மா அழவில்லை. "வேணும்னா இப்பவே நாங்க ரெண்டு பேரும் உங்க முன்னாடி உக்காந்து போடறோம் சார். பத்து வரி போதும்" என்றார். என் ஸ்லைடு ரூல் பட்டை நகராமல் இழுப்பறையில் கிடந்தது. போடச் சொல்லியிருந்தால் பத்தாவது நிமிஷம் என் முகத்திரை கிழிந்திருக்கும். ஆனால் பூதக்கண்ணாடிக்குக் கோபம் வந்துவிட்டது. நிரந்தர ஊழியருக்குப் பரீட்சை வைக்கச் சொல்கிறீர்களா, தப்பும் பண்ணிவிட்டு இதற்கு மேல் பேச்சு வேறா என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் மேலே குறிப்பு அனுப்பப்போவதாகச் சொல்லி எங்களைப் போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பஸ் நிற்குமிடத்தில் கடிகாரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். மழை விட்டிருந்தது. இரண்டு பேருமே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு சார். நீங்களே போய்ச் சொல்லிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு திட்டோட போயிடும். எனக்கு வேலையே போயிடும். அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் உங்க பேர எடுக்க மாட்டேன்."

நான் சரி என்றேன். பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை, சரி என்றே சொன்னேன். சொல்லும்போது மனசார நினைத்துத்தான் சொன்னேன். அவருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. பஸ் ஏறும்போது வரேன் சார் என்றார்.

திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். அதாவது காய்ச்சல் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சுடவே இல்லையே என்றாள். உள் காய்ச்சல் என்றேன். போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு மூன்று நாள் படுத்துக்கிடந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்ததைப் போர்வைக்குள்ளிருந்து கேட்டேன். பூதக்கண்ணாடி இந்நேரம் குறிப்பை அனுப்பியிருப்பார், இனி நான் போய்ச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை என்று நினைத்தேன். உடனே தூக்கம் வந்துவிட்டது. அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை போனபோது ஜன்னலோரமிருந்த கடிகாரம்மாவின் மேஜை காலியாக இருந்தது. வேலை போகவில்லை. அவருடைய அப்பா வந்து மேலதிகாரியிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அதனால் கீழ்த்தளத்தில் தபால் பிரிவுக்கு, ஒரு படி குறைந்த வேலைக்கு மாற்றினார்கள். அவருடைய பணிக் கோப்பில் ஒரு வரி ஏறியது: பிறர் கணக்கைப் பார்த்து எழுதியவர், கணக்குப் பணிக்கு ஏற்றவர் அல்ல.

தபால் பிரிவு மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. யார் மேலே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். முப்பத்தொரு வருஷம் கடிகாரம்மா அங்கே உறை ஒட்டினார், முத்திரை குத்தினார், பேரேட்டில் எண் போட்டார். ஒரு கடிதம்கூட உறை மாறிப் போனதில்லை என்பார்கள். வேலை செய்கிற மேஜையை மாற்றலாம், வேலை செய்கிற விதத்தை மாற்ற முடியாதே. என்னிடம் பேச வேண்டியிருந்தால், இதில் ஒரு கையெழுத்து என்பார். அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டார். திருப்பிக்கொண்டால் தேவலை என்று எனக்கு இருக்கும். நான் கொஞ்ச நாளில் பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறப் பழகிக்கொண்டேன். மூச்சுக்கு நல்லது என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

கீழே போன இரண்டு வருஷத்தில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பாய்லர் பட்டறையில் இரும்புத் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி அடிப்பவர். இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் எனக்குக் காதுவழி வந்த செய்திகள்.

பூதக்கண்ணாடி ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி எனக்கு வந்தது. முதல் வாரமே கடிகாரம்மாவின் கோப்பை வரவழைத்தேன். அந்த ஒரு வரியை அடிக்கிற அதிகாரம் எனக்கு இருந்தது. பேனாவைத் திறந்துகூட வைத்தேன். அடித்தால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. காரணம் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். கோப்பை நாலு நாள் மேஜையில் வைத்திருந்துவிட்டு, கீழே அனுப்பினேன். அதைத் தபால் பிரிவு வழியாகத்தான் அனுப்ப வேண்டும். தன் கோப்பு மேலே போனதையும் அப்படியே திரும்பி வந்ததையும் பேரேட்டில் பதிந்தது அவரே.

அதற்குள் மின்சாரக் கணக்குப் பொறி வந்துவிட்டது. முதலில் டைப்ரைட்டர் அளவுக்கு ஒன்று, அப்புறம் கைக்கு ஒன்று. ஸ்லைடு ரூல்களை ஒரு சாக்கில் கட்டிக் கிடங்குக்கு அனுப்பினோம். இப்போது இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டாலும் எட்டு இலக்கமும் ஒன்றாக வந்தது. அச்சு அசலாக இருந்தால்தான் சரி. எனக்குக் கீழே இருந்தவர்கள், எதற்கு சார் இரண்டு பேர் என்று சிரித்தார்கள். நான் எரிந்து விழுந்தேன். என்ன கோபம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஒன்றாக வந்தது என்பதற்காக ஒருத்தரைக் கீழே இறக்கிய அறையில் உட்கார்ந்து, ஒன்றாக வந்தால் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பழைய சகா ஒருவர் தொலைபேசியில் பேசும்போது, கடிகாரம்மா இறந்து நாலு மாதம் ஆகிறது, உங்களுக்குத் தெரியாதா என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்ன என்று மனைவி கேட்டாள். ஐம்பது வருஷமாக மென்று முழுங்கியதை அவளிடம் அன்றுதான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், வெளுத்த சட்டையைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"யார்கிட்டச் சொல்றது? அவங்கதான் இல்லையே."

"அவங்க வீட்ல ஆளுங்க இருக்காங்கல்ல? அன்னிக்கு உள் காய்ச்சல்னு படுத்தீங்களே, நான் அந்த மூணு நாளும் உங்களுக்குப் பணிவிடை பண்ணியிருக்கேன். எனக்கும் அதுல பங்கு இருக்கு. போயிட்டு வாங்க."

வீடு ஓர் அடுக்குக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. மகள் கதவைத் திறந்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. அம்மாவோடு வேலை பார்த்தவன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் அவருடைய அப்பா, கடிகாரம்மாவின் கணவர், உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டறைச் சத்தத்தில் காது போய்விட்டது, பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும் என்று மகள் சொன்னார்.

நான் எப்படி ஆரம்பிப்பது என்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். மகளே ஆரம்பித்தார். நான் மேல்மாடிக் கணக்குப் பிரிவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அம்மா சின்ன வயசுல அங்க ஒரு தப்பு பண்ணிட்டாங்க. யார் தாளையோ பாத்து எழுதிட்டாங்களாம். நாங்க ஸ்கூல்ல நல்ல மார்க் வாங்கிட்டு வந்தா அப்பா கேப்பார், சொந்தமா எழுதினதா, உங்க அம்மா மாதிரியான்னு. சண்ட வந்தா அதைத்தான் முதல்ல எடுப்பார். அம்மா எழுந்து சமையல் உள்ளுக்குப் போயிடுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் தம்பியும் எப்பவோ மன்னிச்சிட்டோம். கடைசி நாள்ல ஆஸ்பத்திரியில கையப் புடிச்சிக்கிட்டு அதையும் சொன்னேன். பழசையெல்லாம் மனசுல வெச்சிக்காதம்மா, நாங்க எதையும் தப்பா நெனைக்கலன்னு."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அம்மா எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. என் தலையத் தடவிக் குடுத்தாங்க."

அப்போது சொன்னேன். உங்கள் அம்மா யாரையும் பார்த்து எழுதவில்லை, நான்தான் அவருடைய தாளைப் பார்த்து எழுதினேன் என்றேன். மழை, பட்டை, பதிவேடு, பஸ் நிற்குமிடம், போர்வை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். இடையில் அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் முடித்தேன். திட்டுவார், போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என் டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"இத அப்பாகிட்டச் சொல்லுங்க" என்றார்.

நாற்காலியை நகர்த்திப் பெரியவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அவர் காதோரம் குனிந்து, உங்கள் வீட்டம்மா காப்பியடிக்கவில்லை, நான்தான் அடித்தேன் என்றேன். அவர் கையைக் காதில் வைத்து, என்ன என்றார். குரலை உயர்த்திச் சொன்னேன். மகளைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள் என்பது போல மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டு ரேடியோ நின்றது. படியில் யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பது தெரிந்தது. பூதக்கண்ணாடியின் அறையில் வாய்க்குள்ளேயே சொல்லியிருந்தால் போதும், முடிந்திருக்கும்.

இந்தத் தடவை பெரியவருக்குக் கேட்டுவிட்டது. கையைக் காதிலிருந்து இறக்கினார். என்னைப் பார்க்காமல் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்ததை முதலில் மகள்தான் கவனித்துக் கிட்டே வந்தார்.

"அவ சொன்னா" என்றார் பெரியவர். "கல்யாணமான முதல் வருஷமே சொன்னா. உங்க பேரையும் சொன்னா. நான்தான் நம்பல."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கிளம்ப எழுந்தேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ரிவெட் அடித்த கை, இன்னும் இரும்பாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.